ஒன்றாம் எண் பதிவு

கடைசியாக மாற்றியவர்: வேர்ன் கோர்ட்ஸன். இன்று காலை 8.52.

கொரீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பத்து நான்கு. காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, திரையில் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் படித்தாள். எழுத்து மாறவில்லை. வேர்ன் கோர்ட்ஸன் காணாமல் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அது ஒரு மே மாதத்து மதியம். சூறாவளி வருகிறது என்று சங்கு ஊத, எல்ம் ஃபோர்க் ஊரே அவரவர் நிலவறைக்குள் இறங்கிப் பதுங்கிய அரை மணி நேரத்தில், மெசஞ்சர் பத்திரிகை அலுவலகத்தின் நிலவறைக்குள் இறங்கிய வேர்ன் மேலே வரவில்லை. சூறாவளியோ ஊரைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. நிலவறையில் தேடினார்கள், ஓடையில் தேடினார்கள், கோதுமை வயல்களில் வரிசையாக நின்று கால் தேயத் தேடினார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். நிலவறைக் கதவுக்கு ஒரு பூட்டைப் போட்டார்கள். மெசஞ்சரின் இணையதளத்தை முதலில் கட்டியவர் வேர்ன்தான். அவருக்குப் பிறகு மூன்று வருடம் அதை யாரும் தொடாமல் கிடந்து, ஆறு வருடமாகக் கொரீன் பார்த்துக்கொள்கிறாள்.

பக்கத்தைப் புதுப்பித்தாள். இன்று காலை 8.55 என்றது.

ஏதாவது தானியங்கி வேலை ஓடிக்கொண்டிருக்கும், அது பழைய பெயரில் பதிகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் எதற்கும் சட்டென்று பயப்படுகிறவள் இல்லை. இந்தக் கட்டடத்தில் பயப்படுகிறவள் வேலை பார்க்கவும் முடியாது. நூற்றிருபது வருடத்துச் செங்கல் கட்டடம். குளிர்காலத்தில் சுவர் முனகும், கோடையில் மாடிப்படி கிறீச்சிடும். அச்சு இயந்திரத்தை என்றைக்கோ விற்றுவிட்டாலும், மழைக்கு முன்னால் தரையிலிருந்து மை வாசனை எழும்பும். கூடவே கீழே ஒரு சத்தம் உண்டு. ஐந்து தட்டு, ஒரு கிலுங்கல், மறுபடி ஐந்து தட்டு. வந்த முதல் வாரமே அதைத் தண்ணீர்க் குழாய் என்று முடிவுகட்டி ஆறு வருடமாக நிம்மதியாக இருக்கிறாள். இன்றைக்கும் அந்தக் குழாய் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

இன்று கடைசி நாள். பத்திரிகையை விச்சிட்டா நகரத்துக் கம்பெனிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். சரியாக மாலை ஐந்து மணிக்குப் பழைய சர்வரை அணைத்துவிடுவார்கள். அதற்குள் தளத்தின் பொது அமைப்புகளை எல்லாம் அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்திரிகையின் பெயர், தொலைபேசி எண், சந்தா விவரம், புயல் எச்சரிக்கைப் பட்டையைக் காட்டலாமா வேண்டாமா என்று இருபது விஷயம். எல்லாம் ஒரே பதிவில் இருந்தன. ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போது அந்த ஒரு பதிவைத்தான் போய்க் கேட்கும். அந்தப் பதிவின் கடைசிக் கட்டம் 'பொறுப்பாளர்'. அதில் வேர்ன் கோர்ட்ஸன் என்று இருந்தது. தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் அடியில், எறும்பு அளவு எழுத்தில், ஒன்பது வருடமாக அந்தப் பெயர் நின்றது. எடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் அவர் மனைவியின் முகத்தை நினைத்து விட்டுவிட்டார்கள்.

பதினொரு மணி வாக்கில் லாய்ட் கூப்பிட்டான். அவள் கணவன். ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் வேலை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் தானியம் ஏற்றுகிற திருகு இயந்திரத்தில் மாட்டி இடது முழங்கால் போனதிலிருந்து ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். மாதாகோயில் பெண்கள் பீரோக் சுட்டு விற்கிறார்கள், நாலு வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றான். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட ரொட்டி. சூடு ஆறினால் அவளுக்குப் பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

"இருபத்திரண்டு வருஷமா சந்தா கட்டுறேன் கோரி. ஒரு தடவையாவது என் பேரு உங்க பேப்பர்ல வந்திருக்கா? மீன் புடிச்சப்பகூட போடலையே."

"நீ புடிச்ச மீனைப் போட்டா பேப்பருக்குத்தான் அவமானம்."

"சிரி, சிரி. இன்னைக்குத்தானே கடைசி. எங்கயாவது ஒரு மூலையில போட்டு விடேன். சாகறதுக்கு முன்னாடி பாத்துக்கறேன்."

"போடுறேன், போ. சூடா கொண்டு வா."

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே செய்த காரியம் அது.

விச்சிட்டாவில் எல்லாக் கட்டங்களும் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதித்துச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். இருக்கிற பதிவில் கை வைக்க மனமில்லை. அதனால் 'புதிது சேர்' என்பதை அழுத்தினாள். வெற்றுப் படிவம் வந்தது. இரண்டாம் எண்ணில் ஒரு பதிவு உண்டாகும், சோதித்துவிட்டு அழித்துவிடலாம் என்பது கணக்கு. கணினிக்காரர்கள் எல்லாருக்கும் சோதனைக்கு என்று ஒரு சொல் இருக்கும். நாயின் பெயரோ, சாப்பாட்டின் பெயரோ. அவள் பொறுப்பாளர் கட்டத்தில் லாய்ட் பென்னர் என்று தட்டினாள். திரையைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். சேமி.

ஒன்றாம் எண் பதிவு சேமிக்கப்பட்டது.

இரண்டாம் எண் இல்லை. பட்டியலுக்குப் போய்ப் பார்த்தாள். ஒரே ஒரு பதிவு. எண் ஒன்று. பொறுப்பாளர், லாய்ட் பென்னர். வேர்னின் பெயர் எங்கேயும் இல்லை.

அப்போதுதான் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. எது என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. ஜன்னலுக்கு வெளியே லாரி போயிற்று, மின்விசிறி சுற்றிற்று, கீழே முன்மேசையில் வில்மா யாருக்கோ விளம்பரக் கட்டணம் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் இருந்தது. குழாய் மட்டும் நின்றுவிட்டது.

ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. மாடிப்படிக்கு அடியிலிருந்து வில்மாவின் குரல் வந்தது. முப்பது வருடமாக அந்த முன்மேசையில் இருப்பவள். தீப்பிடித்தாலும் ஒரே குரலில்தான் சொல்வாள். அந்தக் குரல் இப்போது மெலிந்து கிடந்தது.

"கொரீன், கீழ வா. வேர்ன் வந்து உக்காந்திருக்காரு."

அலுவலகத்துக்கு முன்னால் நடைபாதையில் ஒரு மரப்பெஞ்சு உண்டு. வேர்ன் அதில் கட்டடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் காணாமல் போன அதே கட்டம் போட்ட சட்டை. தாடி மடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது, பார்க்கவில்லை. துணை ஷெரீப் டுவேன் வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது, இப்போதுதான் போயிருக்கிறது என்றான். சொல்லிவிட்டு அவர் காலைப் பார்த்தான். கொரீனும் பார்த்தாள். பூட்ஸின் மேல்பாகம் மட்டும்தான் இருந்தது. அடிப்பாகம் இல்லை. தேய்ந்து, தேய்ந்து, தோல் போய், அதற்கு உள்ளே இருந்த பாதமும் பாதி போயிருந்தது. வலது கையில் ஒரு சாவிக்கொத்து. சாவிகள் எல்லாம் தகடாகத் தேய்ந்திருந்தன. டுவேன் அதை எடுத்தபோது கிலுங்கிற்று.

அந்தக் கிலுங்கல் அவளுக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு யாருடைய காலும் இப்படித் தேயாது என்று அவள் வெகு நிதானமாக நினைத்துக்கொண்டாள். தொண்ணூறு வருடம் நடந்தால் தேயலாம். அந்த நினைப்பு வந்ததும் உள்ளே ஓடி, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஊர்ச் சங்கு ஊதியது. திங்கட்கிழமைதோறும் சோதித்துப் பார்க்க ஊதுவதுதான். அவள் அது ஓய்கிறவரை காதைப் பொத்திக்கொண்டாள். ஓய்ந்ததும் லாய்ட் வந்திருப்பான் என்று வெளியே எட்டிப் பார்த்தாள். வந்துதான் இருந்தான். அவன் வண்டி ஓரமாக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. இருக்கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை, தொட்டால் சுட்டது. அவன் தொப்பி தரையில் கிடந்தது.

வில்மா பார்க்கவில்லை. டுவேன் பார்க்கவில்லை. கிடங்குக்குப் போன் போட்டால், அவன் கிளம்பி அரை மணி நேரம் ஆகிறது என்றார்கள். அவன் போனுக்குப் போட்டாள். மணி அடித்தது. வண்டிக்குள் அடிக்கவில்லை. அவள் உள்ளே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அடித்தது தரைக்குக் கீழே.

பிறகு அதுவும் நின்றது. அவன் கட்டடத்துக்கு வந்து சேரக் காத்திருந்த மாதிரி குழாய் தொடங்கியது. ஆனால் ஐந்து தட்டும் ஒரு கிலுங்கலும் இல்லை இப்போது. ஒரு தட்டு, ஒரு இழுப்பு. ஒரு தட்டு, ஒரு இழுப்பு. அவளுக்குத் தெரியாதா அது? இருட்டிலும் தூக்கத்திலும் சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு வருகிற அந்த நடையைப் பதினான்கு வருடமாகக் கேட்கிறாள்.

டுவேனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிலவறையைத் திறக்க வைத்தாள். பூட்டை உடைத்தான். விளக்கு எரிந்தது. சிமெண்ட் தரை, நாலு சுவர், நடைபாதை மட்டத்தில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல், அச்சு இயந்திரம் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. வேறு ஒன்றும் இல்லை, ஒருவரும் இல்லை. தரையில் மட்டும் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு பள்ளம் ஓடியது, மாடு நடந்த தடம் மாதிரி, முழங்கை ஆழத்துக்கு. தண்ணீர் வடிகிறதுக்கு வெட்டியிருப்பார்கள் என்று டுவேன் சொன்னான். கதவு திறந்திருந்தவரை சத்தமே இல்லை. சாத்தினதும் தட்டு, இழுப்பு.

"கேக்குதா?" என்றாள்.

"என்ன கேக்குது? நீ வேர்னைப் பாத்த அதிர்ச்சியில இருக்க. போய் உக்காரு. லாய்ட் பக்கத்துலதான் எங்கயாவது போயிருப்பான், நான் தேடுறேன்."

அவன் நல்ல பையன், தேடத்தான் போனான். அவளுக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துபோயிற்று. மாடிக்கு ஓடினாள்.

வேர்ன் எழுதிய நிரலை அவள் இதுவரை முழுதாகப் படித்ததில்லை. வேலை செய்கிற நிரலை யார் படிக்கிறார்கள்? இப்போது திறந்தாள். சின்னதுதான், ஒரு பக்கம்கூட வராது. சாதாரணமாக ஒரு பட்டியலில் எத்தனை பதிவு வேண்டுமானாலும் சேரும். தளத்துக்குப் பெயர் ஒன்றுதான், எண் ஒன்றுதான் என்பதால் பொது அமைப்புக்கு ஒரே பதிவு போதும் என்று கட்டிப்போடுவது வழக்கம். வேர்னும் அப்படித்தான் கட்டியிருந்தார். மேலே முதல் விதி: எப்படிச் சேமித்தாலும் ஒன்றாம் எண்ணிலேயே சேமி. இரண்டாவது: நீக்கச் சொன்னால் ஒன்றும் செய்யாதே. மூன்றாவது: பொறுப்பாளர் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. மூன்றாவதுக்குப் பக்கத்தில் வேர்ன் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். *காலியாக விட்டுப் பார்த்தேன். தானே ஆள் தேடிக்கொள்கிறது. அதற்கு என் பெயரே மேல்.*

நாலாவது விதி கண்ணில் பட்டது. படிப்பதற்குள் போன் அடித்தது. லாய்டோ என்று பாய்ந்து எடுத்தாள்.

விச்சிட்டாவிலிருந்து ப்ரெஸ்டன். பழைய சர்வரை அணைக்கும் வேலை அவனுடையது. எல்லாம் தயாரா என்று உற்சாகமாகக் கேட்டான். இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லி அவள் கெஞ்சினாள். காரணம் கேட்டான். என்ன சொல்வாள்? என் கணவர் அந்தப் பதிவுக்குள் இருக்கிறார் என்றா? ஒப்பந்தம் முடிந்துவிட்டது மேடம், ஐந்து மணிக்குத் தானாகவே அணைந்துவிடும், என் கையில் இல்லை என்றான். வருத்தத்தோடுதான் சொன்னான்.

போனை வைத்துவிட்டு நேராகப் பதிவுக்குப் போனாள். நீக்கு என்பதை அழுத்தினாள். பதிவு நீக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. பட்டியலில் லாய்ட் பென்னர் அப்படியே இருந்தான். மறுபடி அழுத்தினாள். நீக்கப்பட்டது. இருந்தான். பெயரை அழித்துவிட்டுக் காலியாகச் சேமிக்கப் பார்த்தாள். இந்த இடத்தை நிரப்பவும் என்றது திரை. வேறு பெயரைத் தட்டினாள், வாயில் வந்த ஏதோ ஒரு பெயரை. சேமி மேல் விரல் போனது. நின்றது.

வேறு பெயர் எழுதினால் இவன் வெளியே வருவான். வேர்ன் வந்த மாதிரி வருவான்.

விரலை எடுத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இவள்தான் எழுதினாள். வேறு யாரும் இல்லை. சிரித்துக்கொண்டே எழுதினாள்.

மேசைக்குப் பக்கத்தில் தரையோடு ஒரு வெப்பக்காற்றுத் துவாரம் உண்டு. நிலவறையில் என்றைக்கோ எடுத்துவிட்ட வெப்ப அடுப்பிலிருந்து வருகிற பழைய தகரக் குழாய். மண்டியிட்டு அதன்மேல் வாயை வைத்தாள். உள்ளேயிருந்து குளிரும் மை வாசனையும் வந்தன.

"லாய்ட்."

தட்டு. இழுப்பு. தட்டு.

"லாய்ட். நான்தான்."

நின்றது. பிறகு ஒரு குரல், தொண்டை வறண்டு, பேசியே பழக்கம் விட்டுப்போன குரல்.

"கோரி?"

"ஆமா. ஆமா."

"பீரோக் ஆறிப்போயிருக்கும்." சுவரைக் கையால் தடவுகிற சத்தம் கேட்டது. "கதவைக் காணோம் கோரி. ஒரு சுவத்துல இருந்து இன்னொரு சுவத்துக்குப் போறேன், திரும்பி வர்றேன். நிக்க விட மாட்டேங்குது. எத்தனை வருஷம் ஆச்சு? நீ இன்னும் இருக்கியா?"

மணி இரண்டே முக்கால்.

வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். சொன்னதை அவன் கேட்டானா என்று தெரியவில்லை. தட்டு, இழுப்பு தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு கூப்பிட்டால் நிற்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு தடவையும் மூன்றரைக்கு ஒரு தடவையும் டுவேன் வந்து இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். வேர்னின் உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வில்மா தேநீர் வைத்துவிட்டுப் போனாள். சூறாவளிக்கு முன்னால் ஆகிற மாதிரி மேற்கே வானம் பச்சையாகத் திரண்டது. கொரீன் மாடிச் சுவரில் சாய்ந்திருந்த பழைய பத்திரிகைத் தொகுப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இது வேர்னோடு தொடங்கியதில்லை என்று நினைத்தது சரிதான். இணையதளம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே, கடைசிப் பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே, பதவி ஒன்றும் இல்லாமல் ஒரு பெயர் அச்சாகிக்கொண்டே வந்திருந்தது. எப்போதும் ஒன்றே ஒன்று. சில பெயர் இருபது வருடம் நின்றது, சில பெயர் நாலு வருடம். எந்த இதழில் பெயர் மாறியதோ அதே இதழில் பழைய பெயருக்கு இரங்கல் செய்தி. எல்லா இரங்கலிலும் அந்தப் பெஞ்சு இருந்தது. வேர்ன் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. ஈய அச்செழுத்தில் இருந்ததைக் கணினிக்கு மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

நாலு நாற்பது.

அணைந்தால் என்ன ஆகும்? பதிவு இருக்காது. எண் ஒன்று இருக்காது. கட்டம் காலி. காலியானால் தானே ஆள் தேடிக்கொள்ளும். அப்போது லாய்டும் பெஞ்சுக்கு வருவான். அணைவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். பெயரை மாற்றினாலும் போய்விடுவான், மாற்றாவிட்டாலும் போய்விடுவான்.

நாலு நாற்பத்தெட்டு.

அவளுக்கு ஒன்று தோன்றியது. காலையிலிருந்து முதல் தடவையாகக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரே பதிவுதான் இருக்கலாம், சரி. அந்த ஒரு பதிவில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கட்டம் நீளமாகத்தானே இருக்கிறது? அவன் பெயரை எடுக்க வேண்டாம். பக்கத்தில் தன் பெயரையும் எழுதலாம். அவனுக்குக் கதவு தெரியவில்லை. அவளுக்கு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவும் தெரியும். கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். வர முடியாவிட்டால் போகட்டும், அவன் தனியாக நடக்க வேண்டாம். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவனை இருட்டில் தனியாக விட்டவள் இல்லை அவள்.

லாய்ட் பென்னர். ஒரு காற்புள்ளி. கொரீன் பென்னர்.

எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். அவன் பெயர் இருக்கிறது. முதலில் இருக்கிறது. துவாரத்தின் பக்கம் குனிந்து, "வர்றேன் லாய்ட்" என்றாள்.

சேமி.

ஒன்றாம் எண் பதிவு சேமிக்கப்பட்டது. பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழாக, கட்டம் கட்டமாகத் திரும்ப வந்தது. பத்திரிகையின் பெயர். தொலைபேசி எண். எச்சரிக்கைப் பட்டை. பொறுப்பாளர்.

கொரீன் பென்னர்.

அவ்வளவுதான். காற்புள்ளிக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

திரையின் பக்கத்துச் சாளரத்தில் வேர்னின் நிரல் திறந்தே கிடந்தது, போன் அடித்தபோது விட்ட இடத்திலேயே. நாலாவது விதி. பல பெயர் வந்தால் கடைசிப் பெயரை மட்டும் வைத்துக்கொள், மற்றதை விடுவி.

கீழே சத்தம் நின்றது.

இல்லை என்றாள். இல்லை, இல்லை. பெயரை மாற்றித் தட்டக் கையை நீட்டினாள். விசைப்பலகை இல்லை. மேசை இல்லை. மை வாசனை. குளிர். கைக்கு முன்னால் சுவர்.

காலுக்குக் கீழே சிமெண்ட் பள்ளம், இன்னும் சூடாக இருந்தது.

இருட்டு. எங்கோ மேலே, எட்டாத உயரத்தில், நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு வெளிச்சம். கம்பி போட்ட ஜன்னல். அதன் வழியே நடைபாதை தெரிந்தது. பெஞ்சின் இரண்டு கால்கள் தெரிந்தன. பெஞ்சுக்கு முன்னால் ஒரு ஜோடி வேலைப் பூட்ஸ், கட்டடத்தைப் பார்த்தபடி. இரண்டுக்கும் அடிப்பாகம் இல்லை. இடது பூட்ஸில் முனையும் இல்லை, இழுத்து இழுத்துத் தேய்ந்து, கணுக்கால் வரைக்கும் இல்லை.

வில்மாவின் காலணிகள் ஓடிவந்தன. நின்றன. பின்வாங்கின.

"கொரீன்," என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள் வில்மா. "கொரீன், கீழ வா. லாய்ட் வந்து உக்காந்திருக்காரு."

அவள் கத்தினாள். வில்மாவின் காலணிகள் அசையவில்லை. இன்னொரு தடவை கத்துவதற்குள் அவள் கால்கள் தாமாகத் திரும்பி, எதிர்ச் சுவரைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டன. சுவர். திரும்பு. ஜன்னல். பூட்ஸ். சுவர்.

இனி இன்னொரு பெயரை எழுத மேலே யாரும் இல்லை. சர்வர் அணைய வேண்டிய ஐந்து மணியை ஊர் நீதிமன்றக் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் அவள் காலணியின் அடிப்பாகம் தேய்ந்து முடிந்தது.